ஆயிரம் பேருக்கான உப்பு

"எல்லாத்தையும் பத்தால பெருக்குங்கன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? சொல்லிப்புட்டு இப்ப வந்து குதிச்சா நாங்க எங்க போய் முட்டிக்கிறது?"

செங்கமலம் என்னிடம் இப்படித்தான் கத்தினாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையில் கரண்டி வேறு. அவளுக்குப் பின்னால் ஒரு அண்டா நிறையச் சாம்பார். அவளையும் சேர்த்து அண்டாவைச் சுற்றிப் பத்துப் பேர். அதில் நாலு பேரை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

சொன்னது நான்தான். மறுக்கவில்லை.

எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்குச் சமையல் பயிற்சி நடக்கிறது. எழுத்து வகுப்பு என்று தனியாக வைத்தால் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் சமையலோடு சேர்த்தே எழுத்தையும் கணக்கையும் ஊட்டிவிடுவது என்று ஏற்பாடு. கான்வென்ட்டில் படித்தவள், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். 'சும்மா' என்று சொன்ன ஆளை ஒரு பிடி பிடித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

என் சாம்பாரை என் வீட்டுக்காரர் இருபத்தைந்து வருஷமாக ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுகிறார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மாணவர்கள் ஆறு பேர். அவர்களில் செங்கமலம் பதினோரு வருஷம் கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்த்தவள். "குத்துக்கால் போட்டு உக்காந்தது போதும் டீச்சர். ஒரு தடவையாவது அடுப்புக்கு முன்னால நிக்கணும்" என்பாள். அதற்கு ஒரு வழியும் பிறந்தது. பக்கத்துக் கல்லூரி விடுதியின் வார்டன், "ஒரு நாள் மதியம் நூறு பிள்ளைங்களுக்குச் சாம்பார் வெச்சுக் காட்டட்டும். நல்லா இருந்தா விடுதிச் சமையல் இவங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

பத்துப் பேருக்கான செய்முறையை அட்டையில் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். "எல்லாத்தையும் பத்தால பெருக்கிடுங்க, நூறு பேருக்கு வந்துடும்" என்றேன்.

பெருக்கினார்கள். முந்தின நாள் நோட்டை நான்தான் திருத்தினேன். 2க்கு 20, சரி. 20க்கு 200, சரி. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் டிக் போட்டு, கீழே 'வெரி குட்' என்றும் எழுதினேன். எண்ணைப் பார்த்தேனே தவிர, எதன் எண் என்று பார்க்கவில்லை. கான்வென்ட்டில் எங்களுக்கு அப்படித்தான் திருத்தினார்கள்.

மறுநாள் நான் போய்ச் சேர்வதற்குள் என்னென்ன நடந்தது என்பதை மரியபுஷ்பம் வரிசையாக ஒப்பித்தாள். ஆறு பேரில் அவள்தான் வாய் திறக்காதவள். அன்று திறந்தாள்.

அட்டையில் 'கையை இரண்டு முறை கழுவவும்' என்று இருந்தது. ஆளுக்கு இருபது முறை கழுவினார்கள். சோப்பு தீர்ந்து, தொட்டியும் காலி.

'பருப்பை இருபது நிமிடம் வேகவைக்கவும்.' இருநூறு நிமிடம் வெந்தது. அதாவது மூன்று மணி இருபது நிமிடம். அந்தக் கணக்கையும் பிசகாமல் போட்டிருந்தார்கள். பருப்பு எங்கே என்று கேட்டேன். "அது கரைஞ்சு போய் ரொம்ப நேரம் ஆச்சு டீச்சர்" என்றாள் மரியபுஷ்பம்.

'ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைக்கவும்.' பத்துக் கொதி வர வேண்டுமே! அணைத்தார்கள், ஆறவைத்தார்கள், மறுபடி மூட்டினார்கள். பத்துத் தடவை.

உப்பில்தான் பெரிய விவாதம். அட்டையில் 'தேவையான அளவு' என்று எழுதியிருந்தேன்.

"எண்ணே இல்லையே, எதைப் பெருக்குறது?" என்று கேட்டாளாம் செங்கமலம்.

லோடுமேனாக இருந்து தோள்பட்டை போன பிறகு வகுப்புக்கு வந்த பொன்னுரங்கம் வெகுநேரம் யோசித்தாராம். "இந்தா, ருசி பார்த்து உப்புப் போட்டாச்சு. இப்ப சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்குண்ணே."

"ஆக, இது ஒரு தேவையான அளவு. இன்னும் ஒம்பது தேவையான அளவு பாக்கி."

"சரியா இருக்கறப்ப மேல போடலாமாண்ணே?"

"சரியா இருக்குன்னு நாக்கு சொல்லுது. பத்துன்னு டீச்சர் சொல்றாங்க. நாக்கு என்ன, கான்வென்ட்டுலயா படிச்சுது?"

போட்டுவிட்டார்கள்.

கடைசி வரி, 'ஒருவர் கவனமாக இறக்கி வைக்கவும்.' பத்துப் பேர் வேண்டும், இருந்தது ஆறு பேர். பொன்னுரங்கம் பஸ் ஸ்டாப்புக்குப் போய் நாலு பேரைக் கூட்டிவந்தார். அண்டாவுக்கு வளையம் இரண்டுதான். இரண்டு பேர் அதைப் பிடித்தார்கள், மற்ற எட்டுப் பேர் அவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். நான் உள்ளே நுழைந்தது அப்போதுதான். குதித்ததும் அப்போதுதான்.

அதற்குள் வார்டன் வந்துவிட்டார். நான் தடுப்பதற்குள் ஒரு கரண்டி வாங்கி வாயில் விட்டுக்கொண்டார்.

நல்ல மனிதர், துப்பவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

செங்கமலம் என் பக்கம் திரும்பினாள். கத்தலெல்லாம் போய்விட்டது. "பழையபடி பாத்திரந்தானா டீச்சர்?" என்றாள்.

"சார், தப்பு என்னுது. உப்பு பத்து மடங்கு விழுந்துடுச்சு. ஆயிரம் பேருக்கான உப்பு" என்று உண்மையைச் சொன்னேன்.

பொன்னுரங்கம் சட்டென்று நோட்டை எடுத்தார். ஆறு தலைகளும் அதன் மேல் கவிழ்ந்தன. பஸ் ஸ்டாப் ஆட்களில் ஒருவர் வேறு எட்டிப் பார்த்து ஏதோ யோசனை சொன்னார்.

"அப்ப சாம்பார்ல ஒரு குத்தமும் இல்ல டீச்சர்" என்று நிமிர்ந்தார் பொன்னுரங்கம். "ஆளுதான் கொறைச்சல். ஆளுக்கு நாலு சொட்டு ஊத்தினாலும் உப்பு கரெக்டா இருக்கும்."

நோட்டை நீட்டினார். ஆயிரத்தில் நூறு போக, தொள்ளாயிரம். கடன் வாங்கிக் கழித்திருந்தார்கள். ஒரு இடத்திலும் பிசகில்லை.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகி, தூணைக் கட்டிக்கொண்டு நின்ற வார்டன் முன்னால் போய்க் கைகூப்பினாள்.

"சார், பெரிசா ஒண்ணும் கேக்கல. சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள இன்னும் ஒரு தொள்ளாயிரம் பிள்ளைங்களை மட்டும் விடுதியில சேர்த்துக்குங்க சார். கொஞ்சம் மனசு வைங்க."

வார்டன் என்னைப் பார்த்தார். நான் அண்டாவைப் பார்த்தேன்.