ராசியான நாற்காலி

ஒரு மாவட்டத் தலைநகரில் பழைய நீதிமன்றக் கட்டடம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு கோர்ட்டுகள், நடுவில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. ஒன்று ஈட்டி மரம், மற்றது தேக்கு. நீதிபதிகள் உட்காருகிற நாற்காலிகள் என்பதால் இரண்டுக்குமே கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அவ்வளவு உயரத்தில் போட்டு வைத்தால் முக்காலிக்குக்கூட வந்துவிடும்.

ஈட்டி ஒன்றாம் கோர்ட்டில் இருக்க, தேக்கு இரண்டாம் கோர்ட்டில் இருந்தது. தன் மேல் உட்கார்ந்து சொல்லப்படும் தீர்ப்புகளையெல்லாம் தானே சொல்வதாக அது நினைத்திருந்தது. பூட்டை உடைத்துத் திருடியவன் கூண்டில் நின்றால் இரண்டு வருஷம் என்று தீர்ப்பு வரும். அவன் அம்மா வாசலில் நின்று அழுதால் அதிலும் கொஞ்சம் குறையும். அன்றைக்கெல்லாம் தேக்கு தன் இளகிய மனசை எண்ணித் தானே உருகிப்போகும்.

இரண்டு நீதிபதிகளும் நல்லவர்கள்தான். யாரிடமும் கை நீட்டாதவர்கள். மத்தியானம் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் வீட்டுக் குழம்பை இன்னொருவர் ஊற்றிச் சாப்பிடுவார்கள். மகள் கல்யாணம், மூட்டுவலி, மாற்றல் உத்தரவு எல்லாம் பேசுவார்கள். "இந்த மாதிரிக் கேஸுக்கு நீங்க எத்தனை வருஷம் போடுவீங்க?" என்று மட்டும் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று இருவருமே நினைத்தார்கள்.

ஒரு கோடை விடுமுறையில், பிரம்பு தொய்ந்துவிட்டது என்று இரண்டு நாற்காலிகளையும் மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். கோர்ட்டு நாற்காலிகளுக்கு அங்கேதான் பிரம்பு பின்னுவது வழக்கம். தண்டனை வாங்கியவர்கள் சிறைப் பட்டறையில் குந்திக்கொண்டு, தண்டனை கொடுக்கிறவர்கள் உட்கார இடம் பின்னுவார்கள். இதில் இருக்கிற வேடிக்கை அந்த ஊரில் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு விசில் ஊதியதும் கைதிகள் போய்விட்டார்கள். பட்டறையில் நாற்காலிகள் மட்டும் தலைகீழாகக் கிடந்தன. அத்தனை வருஷம் ஒரே சுவருக்கு முதுகு காட்டி வாழ்ந்த இரண்டும் அன்றுதான் ஒன்றையொன்று பார்த்தன.

"நீ ரெண்டாம் கோர்ட்டா?" என்று ஈட்டி கேட்டது. "கேள்விப்பட்டிருக்கேன். பூட்டு உடைச்ச கேஸுக்கு எவ்வளவு குடுப்பே?"

"ரெண்டு வருஷம்."

"ரெண்டா? அது தண்டனையா, லீவா?"

"நீ எவ்வளவு குடுப்பே?"

"ஏழு."

"ஏழா! ஒரு மனுஷனுக்கு ஏழு வருஷம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

"ரெண்டு வருஷம்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?"

தேக்குக்கு அதுவும் தெரியாது. அதனால் அது பேச்சை வேறு பக்கம் திருப்பியது. "கல்நெஞ்சுக்காரன் நீ. உன்னாலதான் எத்தனையோ குடும்பம் தெருவுக்கு வருது."

"இளிச்சவாயன் நீ. உன்னாலதான் திருட்டு குறைய மாட்டேங்குது."

"உன்னால குறைஞ்சிருக்கா?"

அதற்குள் கைதிகள் திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்த இரண்டு நாற்காலிகளையும் பின்னியவர்கள் பூமிநாதன், வெள்ளைக்கண்ணு என்று இரண்டு பேர். பூமிநாதன் ஈட்டியைப் புரட்டி, அடிச்சட்டத்தில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தான். ஒன்று. அவனுக்குத் தீர்ப்பு சொன்ன கோர்ட்டின் எண்.

"டேய் வெள்ளை, இதுதாண்டா எனக்கு ஏழு போட்ட நாற்காலி."

வெள்ளைக்கண்ணு எட்டிப் பார்த்தான். பிறகு தன் மடியில் கிடந்த தேக்கைத் தட்டினான். "அப்ப இதுதான் எனக்கு ரெண்டு போட்டது. நல்ல நாற்காலிண்ணே."

இரண்டு பேரும் செய்தது ஒரே திருட்டு. மின்வாரியக் கிடங்கின் பூட்டை உடைத்து, ஒரே ஒரு செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கினார்கள். ஒரு முனையை அவன் பிடித்தான், மறுமுனையை இவன் பிடித்தான். வழக்கு வந்த சமயம் வெள்ளைக்கண்ணு மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அவன் கேஸைப் பிரித்தார்கள். அது சுவருக்கு இந்தப் பக்கம், இரண்டாம் கோர்ட்டில் வந்து விழுந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவேளை பூமிநாதன் பிடித்த முனை ஐந்து வருஷம் கனம் கூடுதலோ என்னவோ.

வெள்ளைக்கண்ணு விடுதலையாகப் போகிறவன். பூமிநாதனுக்குத் தண்டனையில் இன்னும் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. ஆனால் அன்று அவன் தன்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. திருட்டன்று தெருமுனையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன் தம்பி கொடியரசன். பயத்தில் திருப்பூருக்கு ஓடி, அங்கே கல்யாணம் கட்டி, ஒரு பெண் குழந்தைக்கும் அப்பாவாகிவிட்டான். இப்போதுதான் பிடித்திருந்தார்கள். அவன் கேஸ் விடுமுறை முடிந்ததும் ஒன்றாம் கோர்ட்டில்.

"இந்த நாற்காலிக்கு ராசி சரியில்லைடா" என்றான் பூமிநாதன். "யாரு போயி நின்னாலும் ஏழுதான். உன்னுது ராசியான நாற்காலி. அதை ஒண்ணாம் கோர்ட்டுக்கு அனுப்பிட்டா?"

"வேணாம்ணே. தெரிஞ்சா உரிச்சிருவாங்க."

"எப்படித் தெரியும்? பாலிஷ் போட்டா ஈட்டியும் கறுப்பு, தேக்கும் கறுப்பு. நம்பர் எழுதப் போறது நம்ம பிரஷ்தானே."

தேக்குக்கு இதைக் கேட்டுப் புல்லரித்துவிட்டது. தன் பெருமையை இத்தனை காலம் தானே சொல்லிக்கொண்டிருந்தது போக, முதன்முதலாக இன்னொருவர் சொல்லிக் கேட்கிறது. அதுவும் தண்டனை வாங்கிய ஒருவன் வாயால்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிரம்பு பின்னி முடித்ததும் பின்னியவனே ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும். தொய்ந்தால் பிரித்துப் பின்ன வேண்டும். வெள்ளைக்கண்ணு பின்னிய தேக்கில், "நான் பாக்குறேன்" என்று பூமிநாதன் உட்கார்ந்தான். அவன் கனம் நீதிபதியின் கனத்தைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் பார்க்காதபோது குனிந்து கைப்பிடியோடு பேசினான்.

"தம்பி வருவான். சின்னப் பய. சைக்கிளைப் புடிச்சதைத் தவிர ஒண்ணும் பண்ணலை. கைக்குழந்தை இருக்கு. பாத்துப் போடுங்க சாமி."

'நீ கவலைப்படாதே. நான் இருக்கேன்' என்று தேக்கு மனதார வாக்குக் கொடுத்தது. அது அவன் காதில் விழவில்லை.

விடுமுறை முடிந்தது. அடியில் பூமிநாதன் எழுதிய புது எண்ணோடு தேக்கு ஒன்றாம் கோர்ட்டு மேடையில் ஏறியது. ஈட்டி இரண்டாம் கோர்ட்டுக்குப் போனது. மாறியது யாருக்கும் தெரியவில்லை. ஒன்றாம் கோர்ட்டு நீதிபதி உட்கார்ந்து, ஒருமுறை முன்னும் பின்னும் அசைந்து, "நல்லா பின்னியிருக்காங்க" என்றார்.

எதிரே இருந்த கூண்டு புது நாற்காலியை மேலும் கீழும் பார்த்தது. எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து அதன் கம்பி வழவழவென்று ஆகியிருந்தது.

"என்ன, ரொம்ப நிமிர்ந்து நிக்கிறே?"

"இனிமே இந்தக் கோர்ட்டுல ஏழெல்லாம் கிடையாது. நான் வந்துட்டேன்" என்றது தேக்கு.

"அப்படியா?" என்றது கூண்டு. "கேஸைத் தூக்கிட்டு ஒருத்தன் வந்தா, இந்த ஊரு வக்கீலுங்க முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? என்ன பண்ணினேன்னு கேக்க மாட்டாங்க. எந்தக் கோர்ட்டுன்னுதான் கேப்பாங்க."

"அதான் சொல்றேன். இது இனிமே என் கோர்ட்டு."

கூண்டு மேற்கொண்டு பேசவில்லை. வாதாடிப் பழக்கமில்லாத சாமான் அது, நிற்பவர்களைத் தாங்கித்தான் பழக்கம்.

கொடியரசன் கேஸ் தீர்ப்புக்கு வந்த நாள் காலையில், சுவரின் உச்சியில் இருந்த வென்டிலேட்டர் வழியாக ஈட்டியின் குரல் வந்தது.

"தேக்கு! இங்க என்னமோ சரியில்லை. நேத்து ஒரு பூட்டு உடைச்ச கேஸு. நான் ஏழு ஏழுன்னு கத்துறேன். இந்த மனுஷன் ரெண்டு குடுத்துட்டுப் போயிட்டாரு!"

தேக்குக்குச் சிரிப்பு வந்தது. "உனக்கும் மனசு இளகிருச்சு. வெளியே ஒத்துக்க வெக்கம், அதான் விஷயம்."

"இல்லப்பா, நான் சொல்றதைக் கேளு..."

"அப்புறம் பேசலாம். என் பையன் வந்துட்டான்."

கொடியரசன் கூண்டில் ஏறினான். அண்ணன் ஜாடை. வாசலில் அவன் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது. வக்கீல், சைக்கிள் பிடித்ததைத் தவிர இவன் வேறொன்றும் செய்யவில்லை என்றார். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். அவர் முகத்தில் கோபமே இல்லை. பொதுச் சொத்தைத் தொட்டவனுக்கு இரக்கம் காட்டினால் ஊருக்குத் துரோகம் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

'ரெண்டு. ரெண்டு வருஷம்' என்று தேக்கு தன் பலத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னது.

"பொதுமக்கள் சொத்தைச் சூறையாடும் இத்தகைய குற்றங்களில் கருணைக்கு இடமளிக்க முடியாது" என்று நீதிபதி படித்தார்.

இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது தேக்குக்குப் புரிந்துவிட்டது. 'அய்யா, ரெண்டு! சின்னப் பய! வாக்குக் குடுத்திருக்கேன்!' கத்திக் கத்திப் பார்த்தது. அவர் ஒரு பக்கம் திருப்பினார். கடைசியில் ஒரு நாற்காலியால் செய்ய முடிந்த ஒரே காரியத்தை அது செய்தது. நாலு காலையும் இறுக்கி, சட்டத்தை விரித்து, அத்தனை அழகாகப் பின்னிய பிரம்பைத் தானே அறுத்துக்கொண்டது.

படார் என்று சத்தம் கேட்டது. நீதிபதி சட்டத்துக்குள் சரிந்தார். வக்கீல்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினார்கள். கோர்ட்டுச் சேவகனான டவாலி அவரைத் தூக்கிவிட்டான். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று அவர் அங்கியைத் தட்டிக்கொண்டார். தேக்கை இழுத்து மூலையில் தள்ளினார்கள். டவாலி எதிர் டீக்கடைக்கு ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். நீல நிறம், ஒரு கை உடைந்தது, டீக்கறை பட்டது.

நீதிபதி அதில் உட்கார்ந்தார். விட்ட இடத்தை விரலால் தேடினார்.

"ஏழு வருடம் கடுங்காவல்" என்று படித்தார்.

மூலையில் கிடந்த தேக்குக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பிளாஸ்டிக் நாற்காலிக்கு ராசியும் தெரியாது, கோர்ட்டும் தெரியாது. பாவம், அது நடுங்கிக்கொண்டு நின்றது. இளகியதும் தானில்லை, இறுகியதும் ஈட்டியில்லை. இத்தனை வருஷம் இன்னொருவர் மனசைத் தன் மனசென்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்தைவிட அந்தக் குழந்தை அழுத சத்தம் பொறுக்க முடியாததாக இருந்தது.

மறுபடி தேக்கு சிறைப் பட்டறைக்கு வந்தது. வெள்ளைக்கண்ணு விடுதலையாகிப் போய்விட்டான். அவன் இடத்தில் கொடியரசன் உட்கார்ந்து, தொட்டியில் பிரம்பை ஊறப்போட்டுக்கொண்டிருந்தான். பூமிநாதன் தேக்கைப் புரட்டினான். அடிச்சட்டத்தில் தன் கையால் எழுதிய ஒன்று. தம்பி வந்த அன்றே அவன் எல்லாம் கேட்டுவிட்டான். நாற்காலியைத் திட்டுவான் என்று தேக்கு காத்திருந்தது. அவன் திட்டவில்லை. கிழிந்த பிரம்பை மெதுவாகப் பிடுங்கி எடுத்தான். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

பின்னி முடிந்தது. பாலிஷும் ஆயிற்று. பூமிநாதன் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு யோசித்தான். "எந்த நம்பர் எழுத சார்?" என்று பட்டறை வார்டரைக் கேட்டான்.

"ஏதோ ஒண்ணை எழுதித் தொலைடா. நாற்காலிதானே."

போன கோடையில் இதைக் கேட்டிருந்தால் தேக்கு பொங்கியிருக்கும். இப்போது அதுவும் சரிதான் என்று பட்டது.

"உக்காந்து பாரு, லாரி நிக்குது" என்றார் வார்டர்.

பூமிநாதன் உட்கார்ந்தான். பிரம்பு தொய்யவில்லை. நிமிர்ந்தபோது எதிரே தம்பி நின்றுகொண்டிருந்தான். ஈரப் பிரம்பு கையில் சொட்டிக்கொண்டிருந்தது. கூண்டில் நின்ற பழக்கத்தில் கைகள் தானாகவே குவிந்திருந்தன. விளையாட்டுக்குத்தான் கேட்டான்.

"அய்யா, எனக்கு எவ்வளவுங்க?"

பூமிநாதன் அவனையே பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வீட்டுக்குப் போடா. புள்ள தேடும்."

கொடியரசன் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி தொட்டிப் பக்கம் போனான். வார்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அதே பையன், அதே சைக்கிள், அதே பூட்டு. ஒன்றாம் கோர்ட்டில் ஏழு வருஷம், இரண்டாம் கோர்ட்டு என்றால் இரண்டு, அண்ணன் உட்கார்ந்தால் வீடு. தீர்ப்பு மூன்றாகிவிட்டது, தப்பு இன்னும் ஒன்றாகவே இருக்கிறதே என்று நினைத்தபடி, தேக்கு லாரி ஏறி அடுத்தவர் உட்காரப் போனது.