மோட்டார் சத்தம்

தூத்துக்குடியில் ஒரு மீன் கம்பெனி. அதன் ஐஸ் ரூமுக்குள் வேலையாள் மிக்கேல் உறைந்து செத்துப்போன மறுநாளிலிருந்து, பூட்டிக் கிடந்த அந்த அறைக்குள் யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். பட்டப்பகலில், எல்லோர் காதிலும் விழுந்தது.

"அது மோட்டார் சத்தம்," என்றார் முதலாளி தனசிங்.

விசாரிக்க அதிகாரி வந்த அன்று, பிணத்தை முதலில் பார்த்த ரெக்ஸலினைத் தனசிங் தனியாகக் கூப்பிட்டார். அவள் அங்கே தரை கழுவுகிறவள்.

"மிக்கேலுக்கு நெஞ்சுவலி. கதவு உள்ளேயிருந்தும் நல்லாத் திறக்கும். இதைத்தான் சொல்லணும். மாத்திச் சொன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

"அப்படியே சொல்லுதேன் முதலாளி."

அதிகாரியிடம் அப்படியே சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. பிறகு இருவரையும் ஐஸ் ரூமுக்கு அழைத்துப் போய்ப் பூட்டைத் திறந்தாள். உள்ளே தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம்?" என்றார் அதிகாரி.

"மோட்டார்தான் சார்," என்றார் தனசிங்.

"நீங்களே உள்ள போய்ப் பாருங்க சார்," என்றாள் ரெக்ஸலின். "நான் கதவைச் சாத்துதேன். நீங்க திறந்துக்கிட்டு வாங்க."

அதிகாரி காலை எடுத்து வைத்தார். தனசிங் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சார். சாத்தினா வெளிய வர முடியாது. உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு."

"மிக்கேல் அண்ணன் கையை இப்படி யாரும் பிடிக்கல சார்," என்றாள் ரெக்ஸலின்.

தனசிங் பிடித்திருந்த கையை விட்டார். மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தட்டும் சத்தம் மட்டும் நின்றுபோயிருந்தது.