தலையாட்டிய முள்ளம்பன்றி

ஏரிக்கரைக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. வளர்ந்த பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கே கண்ணிப் பாடம் நடத்தியது ஒரு முள்ளம்பன்றி.

சும்மா சொல்லக் கூடாது, முள்ளம்பன்றிக்குப் பாடம் அத்துபடி. வேடர்கள் வைக்கிற சுருக்கு, குழி, வலை எதைப் பற்றியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். நடத்தி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி கேட்கும். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். பூம்பூம் மாடு மாதிரி எல்லாத் தலையும் ஆடும். முள்ளம்பன்றி திருப்தியாகக் கிளம்பிப் போய்விடும்.

எப்போதாவது ஒரு பிள்ளை சந்தேகம் கேட்க எழுந்தால், முள்ளம்பன்றியின் முதுகு முள் அத்தனையும் சடசடவென்று சிலிர்த்துக்கொள்ளும். கோபமில்லை. திடீரென்று யாராவது எழுந்தால் அதன் உடம்பு அப்படித்தான் செய்யும். ஆனால் அது பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? எழுந்தது அப்படியே உட்கார்ந்துவிடும்.

அந்தப் படிப்பு விளையாட்டுக் காரியம் இல்லை. மழைக்காலம் முடிந்ததும் பிள்ளைகள் வேடன்மேட்டைத் தாண்டி மலைக்குப் போக வேண்டும். பிழைப்பு அங்கேதான், வழியும் அது ஒன்றுதான். மேடு முழுக்கக் கண்ணி. போன வருஷம் ஒரு முயல் அங்கே சுருக்கில் மாட்டிச் செத்துப்போனது. முன்வரிசையில் உட்கார்ந்து ஒழுங்காகத் தலையாட்டிய முயல் அது. சுருக்கு காலில் பட்டதும் பயந்து துள்ளியிருக்கிறது. துள்ளத் துள்ளச் சுருக்கு இறுகும் என்று பாடத்தில் வந்ததுதான்.

முள்ளம்பன்றிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. நான் சொல்லிக் கொடுத்தேனே, புரிந்தது என்றுதானே அதுவும் சொன்னது என்று பார்த்தவர்களிடம் எல்லாம் புலம்பியது. இந்த வருஷமும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று தொண்டை கிழிய இன்னும் சத்தமாகப் பாடம் நடத்தியது. வேறு என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை, பாவம்.

மழை ஓயப் போகிற சமயம். கல்லூரி முதல்வரான யானையிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் ஏரிக்கரையில் ஒரு நாள் பயிற்சிக்கு வர வேண்டுமாம். மாணவர்களைப் பாடத்தில் ஈடுபடுத்துவது எப்படி என்று சொல்லித் தருவார்களாம்.

முள்ளம்பன்றிக்கு எரிச்சல் வந்தது. போர்ஷன் பாதி அப்படியே கிடக்கிறது, பிள்ளைகள் மேட்டுக்குப் போகிற நாள் நெருங்குகிறது, இந்த நேரத்தில் பயிற்சி ஒரு கேடா என்று முணுமுணுத்தது. ஆனாலும் யானை சொன்னால் மறுக்க முடியுமா? கடனே என்று போய் உட்கார்ந்தது.

காலையில் மயில் பேசியது. வகுப்பில் ஆசிரியர் அதிகம் பேசக் கூடாது என்பதுதான் தலைப்பு. அதைப் பற்றி உச்சிவேளை வரைக்கும் விடாமல் பேசியது. நடுநடுவே தோகையை விரித்துக் காட்டியது. ஆந்தை குறட்டை விட்டது. கரடி தன் கால் நகங்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்து முடித்தது. முள்ளம்பன்றி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. அந்த வித்தை அதற்குக் கைவந்த கலை.

மயில் ஒருவழியாக உட்கார்ந்தது. எல்லாருக்கும் கொலைப்பசி. அப்போது தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு நீர்நாய் கரையேறி வந்தது. நீச்சல் பாடம் நடத்துகிற ஆசிரியை அது.

சாப்பாடு எதிர்க்கரையில் இருக்கிறது, அத்திப்பழமும் தேனும் எடுத்து வைத்தாயிற்று, மதகை ஒட்டி நீந்திப் போய்ச் சாப்பிட வேண்டியதுதான் என்றது. எப்படி நீந்துவது என்று தானே சொல்லித் தரப் போவதாகவும் சொன்னது. பிறகு ஆரம்பித்தது பாருங்கள்! மேலோட்டம், அடியோட்டம், சுழலின் வகைகள், மூச்சு பிடிப்பதன் விதிகள் என்று மூச்சு விடாமல் கொட்டித் தள்ளியது. முள்ளம்பன்றிக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அதற்குத் தண்ணீர் என்றாலே ஆகாது.

நீர்நாய் கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்டது.

"புரிஞ்சுது மேடம்" என்று ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

முள்ளம்பன்றி பக்கத்தில் பார்த்தது. கரடி தலையாட்டியது. ஆந்தை தலையாட்டியது. இவ்வளவு வருஷ அனுபவம் உள்ள நாம் மட்டும் எழுந்து புரியவில்லை என்றால் மானம் போய்விடாதா? முள்ளம்பன்றியும் நன்றாகத் தலையை ஆட்டியது.

"சந்தோஷம். முள்ளம்பன்றி சார், முதல்ல நீங்க இறங்குங்க" என்றது நீர்நாய்.

முள்ளம்பன்றி எழுந்தது. மெதுவாக நடந்து தண்ணீர் ஓரத்தில் போய் நின்றது. மதகுப் பக்கம் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. ஒரு காலை நனைத்தது. சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குப் புரியலை மேடம்" என்றது கடைசியில்.

"பரவாயில்லை சார். அப்புறம் ஏன் தலையாட்டினீங்க?"

நீர்நாய் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. முள்ளம்பன்றி வாயைத் திறந்தது. எல்லாரும் ஆட்டினார்கள், கேட்டால் கேவலமாக நினைப்பார்களோ என்று பயமாக இருந்தது என்று சொல்ல வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது. போன வருஷத்து முயல் அதன் கண் முன்னால் வந்து நின்றது. முன்வரிசையில் உட்கார்ந்து அதுவும் இப்படித்தானே ஆட்டியது?

முள்ளம்பன்றி அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து அழுதது. யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. கரடி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. தனக்கும் ஒன்றும் புரியவில்லை என்று மெல்லச் சொன்னது. ஆந்தையும் அதையே சொன்னது. மயில் மட்டும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தது. பிறகு அதுவும் ஒத்துக்கொண்டது.

நீர்நாய் முள்ளம்பன்றியிடம் வந்து, "சார், உங்க கண்ணியைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா என் பிள்ளைங்க ஒருத்தரையும், காலை அசைச்சுக் காட்டாம நான் ஆழத்துல விடமாட்டேன். உங்களையும் விட்டிருக்க மாட்டேன்" என்றது.

அதற்குப் பிறகுதான் உண்மையான பாடம் நடந்தது. எல்லாரையும் முழங்கால் ஆழத்தில் நிற்க வைத்துக் காலை உதைக்கச் சொன்னது நீர்நாய். தப்பு செய்தவர்களைத் திரும்பச் செய்யச் சொன்னது. ஒருத்தர் வாலை ஒருத்தர் பிடித்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, இருமி, சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் எதிர்க்கரைக்குப் போய்விட்டார்கள். முள்ளம்பன்றி சாப்பிட்ட அத்திப்பழத்தில் அன்றைக்கு இருந்த ருசி வேறு.

மறுநாள் வகுப்புக்கு வரும்போது முள்ளம்பன்றி ஒரு கட்டுக் கொடி இழுத்துக்கொண்டு வந்தது. அதைக் கீழே போட்டது. ஆளுக்கு ஒரு சுருக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றது.

ஒருத்தரும் அசையவில்லை. எத்தனை மாதப் பாடம்!

பின்வரிசையில் ஒரு கேளையாடு எழுந்தது, ஆடு என்று பேர், ஆனால் சின்ன மான் சாதி. வழக்கம் போல முள்ளெல்லாம் சடசடவென்று சிலிர்த்தது. கேளையாடு உட்காரப் போனது.

"உட்காராதேம்மா" என்றது முள்ளம்பன்றி. இது கோபமில்லை, திடுக்கிட்டால் என் உடம்பு இப்படித்தான், அதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம் என்று விளக்கியது. அதோடு விடவில்லை. பின்னாலிருந்த புற்றில் முதுகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தது. முள் இனி எப்படி எழும்பும்? வகுப்பே சிரித்துவிட்டது. கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து அந்த வகுப்பில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"சார், சுருக்கோட வகை எல்லாம் வரிசையா ஒப்பிப்பேன். ஆனா சுருக்குன்னா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. எனக்கு எதுவுமே புரியலை சார்" என்றது கேளையாடு.

முள்ளம்பன்றி அதைப் பார்த்துத் தலை தாழ்த்தியது. பிறகு, "நன்றிம்மா" என்றது.

அன்றையிலிருந்து போர்ஷன் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் கொடியில் சுருக்குப் போட்டார்கள். தாங்களே அதில் காலை விட்டார்கள். மாட்டினதும் துள்ளி விழுந்தார்கள். துள்ளாமல் நின்று, காலைப் பின்னால் தளர்த்தி, பல்லால் முடிச்சை விலக்கப் பழகினார்கள். சந்தேகத்துக்கு மேல் சந்தேகம் கேட்டு முள்ளம்பன்றியைப் படாத பாடு படுத்தினார்கள். அதற்கோ ஒரே சந்தோஷம்.

மழை ஓய்ந்தது. பிள்ளைகள் மேட்டுக்குப் போகிற நாள் வந்தது. முள்ளம்பன்றி அடிவாரத்தில் நின்றது. இனி அதனால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மரநாய் தாண்டியது. கீரி தாண்டியது. கடைசியாகக் கேளையாடு ஏறியது.

பாதி மேட்டில் அதன் பின்னங்கால் சுருக்கில் மாட்டியது. முள்ளம்பன்றிக்கு உயிரே போய்விட்டது. 'துள்ளிடாதே தாயி, துள்ளிடாதே' என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டது.

கேளையாடு துள்ளவில்லை. அப்படியே நின்றது. காலைப் பின்னால் நகர்த்தியது. தலையை வளைத்துப் பல்லால் முடிச்சை மெல்ல மெல்ல இழுத்தது. கால் வெளியே வந்தது. பதறாமல் நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

முள்ளம்பன்றிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நீர்நாய் இருக்கிற ஏரிப் பக்கம் திரும்பி, மகராசி நீ நல்லா இருக்கணும் என்று வாய்விட்டுச் சொன்னது.

எதிர்ப்பக்கத்திலிருந்து கேளையாடு கத்தியது: "சார், பிழைச்சுட்டேன்! ரொம்ப நன்றி சார்!"

"நன்றி நான்தாம்மா சொல்லணும்" என்று முள்ளம்பன்றியும் கத்தியது. "நீ அன்னிக்கு எழுந்து நிக்கலைன்னா எனக்குப் பாடம் நடத்தவே தெரிஞ்சிருக்காது."

புரியவில்லை என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற வகுப்பில்தான் படிப்பு நடக்கும்; அப்படிச் சொல்லுகிற மாணவருக்கு ஆசிரியர் என்றைக்கும் நன்றி உள்ளவராக இருக்க வேண்டும்.