செல்லோக்காரியோட மூணு படம்

ஒரு ஊர்ல ஒரு செல்லோக்காரி இருந்தா. இங்க இல்லடா, இங்கிலாந்துல! பேரு ரோசலிண்ட். செல்லோன்னா வயலினுக்கு அண்ணன், உன்னைவிட உசரம். முட்டிக்கு நடுவுல நிறுத்தி வில்லால இழுத்தா, ஜும்ம்ம்னு உன் வயித்துக்குள்ள கேக்கும். அவ வாசிச்சா ராஜாவே எழுந்து நின்னு கை தட்டுவார். ம் சொல்லு!

ஆனா அவ அம்மாவுக்குக் காது சுத்தமா கேக்காது. ஊரே கேக்குது, பெத்தவளுக்குக் கேக்கலையே! மக செல்லோவை எடுத்தாலே கண்ணு கலங்கி, எழுந்து உள்ள போயிடுவா. அப்போ ரோசலிண்ட் என்ன பண்ணா? பெர்சின்னு ஒரு படம் வரையறவரைக் கூப்பிட்டு, "என் வாசிப்பு எங்கம்மாவுக்குத் தெரியணும். அப்படி ஒரு படம் வரைஞ்சு குடுங்க"ன்னு அழுதா. பெர்சிக்குப் பாவமா போச்சு. சரின்னுட்டார்.

அப்புறம், "அசையாதீங்க"ன்னு உக்கார வச்சு வரைஞ்சார், சரக் சரக். பட்டு கவுன், முத்து மாலை, எல்லாம் ஜம்முனு! அம்மா பார்த்தா. "எம்பொண்ணு எதுக்கு பீரோவைக் கட்டிப் பிடிச்சிருக்கா?"ன்னா. போச்சு!

அப்புறம், வில்லைக் கம்பி மேல வச்சு, "மூச்சுகூட விடாதீங்க"ன்னு இன்னொண்ணு வரைஞ்சார். அம்மா பார்த்தா. "விறகு அறுக்கறாளா?" பெர்சி தொப்பியைக் கழட்டித் தரையில அடிச்சார், டப்பு!

தூங்கிட்டியா? இப்பதான்டா விஷயமே! பெர்சிக்குச் சுருக்குனு உறைச்சுது. 'அம்மா பாக்கற மாதிரிதானே நான் பாக்கணும், காது கேக்காம!' ரெண்டு காதுலயும் பஞ்சை அடைச்சுக்கிட்டு, "ஆடுங்க, அசைங்க, வாசிங்க!"ன்னு கத்தினார். ஒரு சத்தமும் கேக்கல. ஆனா அடேயப்பா! அவ குதிகால் தரையை விட்டு எழும்புது, கொண்டை அவுந்து தொங்குது, சுண்டுவிரல் வெடவெடங்குது, கண்ணை மூடிக்கிட்டு சின்னப் புள்ளையாட்டம் சிரிக்கிறா! பெர்சி பிரஷ் பறந்துச்சு, சர்ர்ர் சர்ர்ர்!

அப்புறம் அம்மா வந்தா. பார்த்தா. கிட்டப் போய் இன்னும் பார்த்தா.

அம்மா மக கன்னத்தைப் பிடிச்சா. "வாசிக்கிறப்ப நீ இவ்ளோ சந்தோஷமா இருப்பியாடி? இதைப் பாக்காம எழுந்து எழுந்து போனேனே, மடச்சி! எடுடி செல்லோவை!"ன்னு நாற்காலியை இழுத்து நேர் எதிர்ல போட்டுக்கிட்டு உக்காந்தா.

மக வாசிச்சா, அம்மா கண்ணெடுக்காம பார்த்தா. கதையும் ஆச்சு, உன் கண்ணும் சொருகியாச்சு, தூங்குடா.