குல்லா கழற்றாத கட்டியக்காரன்

விடிய விடிய ஆடின கூத்து அப்போதுதான் முடிந்தது. மகளின் தாமரைக் குளத்துக்காக ஏரி மடையை அடைத்து ஊரையே காயவிட்ட கூத்து ராஜா, கடைசியில் தானே மடையைத் திறந்து, அந்த வெள்ளத்திலேயே செத்துப்போனான். சனமெல்லாம் அழுதது.

முன்னால் உட்கார்ந்திருந்த ஜமீன்தாருக்குச் சுருக்கென்று தைத்தது. அவரும் தன் கரும்புக்காக ஊர் ஏரி மடையை அடைத்து வைத்திருந்தார்.

"ஏய் கோமாளி! உங்க ராஜா நல்லவனா, கெட்டவனா? நல்லவன்னா ஊரை ஏன் காயவிட்டான்? கெட்டவன்னா இதுங்க ஏன் அழுவுது? சரியாச் சொல்லலேன்னா, இனி என் ஜமீன்ல கூத்தே கிடையாது!"

கட்டியக்காரன் வேடியப்பன் தன் கூம்புக் குல்லாவை அழுத்திக்கொண்டான். அது தலையில் இருக்கும்வரை அவன் என்ன சொன்னாலும் யாரும் கோபிக்கக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"அடைச்ச வரைக்கும் கெட்டவன் சாமி. திறந்ததும் நல்லவனாயிட்டான். சாவற நேரத்துல திறந்தானேன்னுதான் அழுவறாங்க. சாமிக்கு அந்தக் கஷ்டமில்ல, இன்னும் நேரம் இருக்குது."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"முதல்ல குல்லாவைக் கழட்டுடா! அப்புறம் பேசிக்கிறேன்!"

"முகச்சாயத்தைக் கழுவிட்டுத்தானே குல்லாவை எடுக்கணும் சாமி? வாய்க்கால்ல தண்ணி வரட்டும், உடனே கழட்டறேன்."

அன்று முதல் சாயமும் குல்லாவுமாக ஜமீன் வாசலிலேயே சுற்றினான். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பு பொறுக்காமல் ஜமீன்தார் மடையைத் திறந்துவிட்டார்.

தண்ணீர் கரை புரண்டு வந்தது. வேடியப்பன் மட்டும் குல்லாவோடு ஜமீன் எல்லையைத் தாண்டி, பக்கத்து ஊருக்குப் போய்த்தான் முகம் கழுவினான்.