சிமெண்ட் குடிக்காத துளை

"எனக்கு மட்டும் ஏனுங்க டீச்சர் எப்பவும் கடைசித் துளை?"

செங்கோடன் இதைக் கேட்டபோது பிலோமினா ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பூட்ஸில் காய்ந்திருந்த சிமெண்டைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சுரண்டுவதை நிறுத்தவில்லை.

மூலைக்காட்டு அணைக்கு அடியில் பாறை விரிசல் விட்டிருந்தது. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அணைக்குக் கீழே, மலைச்சரிவில், ஒரு கை தடிமனுக்குத் தண்ணீர் ஊறி வந்தது. கலங்கலாக வந்தது. கலங்கல் என்றால் தண்ணீர் உள்ளே இருக்கும் மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

சரிவுக்குக் கீழே கீழ்மடை. முந்நூறு வீடு.

ஜூன் மழை இறங்குவதற்குள் பாறையை அடைத்தாக வேண்டும்.

பாறையில் ஆழமாகத் துளை போடுவார்கள். சிமெண்டைத் தண்ணீரில் கரைத்துப் பால் மாதிரி ஆக்கி, பம்ப் வைத்து உள்ளே அழுத்துவார்கள். அது விரிசல்களைத் தேடிப் போய் இறுகிக்கொள்ளும். முதல் சுற்றில் ஆறு மீட்டருக்கு ஒரு துளை. அவை இறுகியதும், இரண்டு துளைக்கு நடுவே ஒன்று. அதுவும் இறுகியதும், மிச்சமிருக்கும் இடைவெளிகளில் மூன்றாம் சுற்று.

முதல் சுற்று அய்யம்பெருமாளுக்கு. நடுச் சுற்று வேறு ஆட்களுக்கு. மூன்றாம் சுற்று செங்கோடனுக்கு.

இருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தவர் பிலோமினா. நாகர்கோவில்காரர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திவிட்டு, அது பிடிக்காமல் பாறைகளோடு வேலை செய்ய வந்தவர். அதனால் எல்லாருக்கும் அவர் டீச்சர். வயது முப்பத்தொன்பது. செங்கோடனுக்கு ஐம்பத்தொன்று.

நான்கு வருஷத்துக்கு முன் செங்கோடன் தானாகவே அவரைத் தேடிப் போய், இருபத்தாறு வருஷம் துளை போட்டும் பாறைக்குள் என்ன நடக்கிறது என்று தனக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டிருந்தார். அவர் போன இடத்துக்கெல்லாம் கூடவே போனார்.

கூடவே அய்யம்பெருமாளும் வந்தார். அதுதான் செங்கோடனுக்குச் சிக்கலாகிப் போனது.

ஏனென்றால் அய்யம்பெருமாள் ஒரு காலத்தில் செங்கோடனிடம் வேலைக்குச் சேர்ந்து, அவருக்கு இரும்புக் குழாய் தூக்கிக் கொடுத்தவர். மெஷினை எப்படி நிறுத்துவது என்பதையே செங்கோடன்தான் காட்டிக்கொடுத்திருந்தார்.

இப்போது அய்யம்பெருமாளின் துளைகள் சிமெண்டைக் குடித்தன. ஒரு துளை நாற்பது மூட்டை. ஒரு துளை எழுபது. ஏப்ரல் கடைசியில் ஒரே துளை நூற்றுப் பதினெட்டு மூட்டை குடித்தது. மலைச்சரிவில் ஊறிய தண்ணீர் அன்று சாயங்காலமே பாதியாகக் குறைந்தது. பெரிய இன்ஜினியர் ஜீப் போட்டு வந்து அய்யம்பெருமாளுக்குச் சால்வை போர்த்தினார்.

செங்கோடனும் கை தட்டினார். இரண்டு தடவை.

செங்கோடனின் துளைகள் அரை மூட்டை குடிக்கும். முக்கால் மூட்டை குடிக்கும். சில துளைகள் அதுவும் குடிக்காது. ஆபீஸ் வாசலில் இருந்த கரும்பலகையில் தினமும் இரண்டு பேர் கணக்கும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்படும். செங்கோடன் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். சுற்றுவழியாகக் குளிக்கப் போனார்.

அய்யம்பெருமாளின் பம்ப் ஓடும் சத்தம் அவருக்குத் தனியாகக் கேட்டது. நான்கு பம்ப் ஓடினாலும் அது மட்டும் கேட்டது. அதன் குழாய் ஒரு நாள் அடைத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தார். நினைத்துவிட்டு வெட்கப்பட்டார். மறுநாளும் நினைத்தார்.

பிலோமினா பூட்ஸைச் சுரண்டி முடித்தார். எழுந்து, செங்கோடனின் துளைக்குப் போனார். தண்ணீரை விடச் சொன்னார்.

செங்கோடன் துளையின் வாயை இறுக்கி, தண்ணீரை அழுத்தினார். மீட்டரில் முள் ஏறி ஒரு இடத்தில் நின்றது. கால் மணி நேரம் நின்றது. பாறை ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

"என்ன தெரியுது?" என்று கேட்டார் பிலோமினா.

"ஒண்ணுமே போகலீங்க."

பிலோமினா நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டார். எழுதியதன் கீழே இரண்டு கோடு போட்டார். பிறகு செங்கோடனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்.

கேலி செய்கிறார் என்று செங்கோடன் நினைத்தார்.

இடது கரையில் புதிதாக முதல் சுற்று ஆரம்பிக்க இருந்தது. அதைத் தனக்குத் தரும்படி அடுத்த நாள் போய்க் கேட்டார். கெஞ்சாத குறைதான். பிலோமினா நாளைக்கும் மூன்றாம் சுற்றுதான் என்றார். காரணம் சொல்லவில்லை. இடது கரை அய்யம்பெருமாளுக்குப் போனது.

மே பதினோராம் தேதி, காலை பத்து மணி. மூன்றாம் சுற்றில் இருபத்தேழாவது துளை.

அந்த ஆழத்தில் மீட்டரில் நாலு கிலோ அழுத்தத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பிலோமினாவின் உத்தரவு. செங்கோடன் நாலுக்கு வைத்தார். துளை வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தது. கையாளை மூட்டை எடுத்துவர அனுப்பினார். பம்ப் பக்கத்தில் யாரும் இல்லை. மீட்டர் அவர் முகத்தைப் பார்த்தபடி இருந்தது.

ஐந்துக்கு வைத்தார். குடிக்கவில்லை.

ஆறு.

ஏழு.

முள் திடீரென்று இறங்கியது. துளை குடிக்க ஆரம்பித்தது.

ஐந்து மூட்டை போனது. பத்து போனது. மூட்டை பிரிக்கிறவர்கள் ஓடி ஓடிப் பிரித்தார்கள். இருபதாவது மூட்டை போகும்போது மற்ற பம்ப்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள். செங்கோடனுக்கு முப்பது வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததாக நினைவில்லை.

அய்யம்பெருமாளும் வந்தார். அவர் பம்ப் பக்கம் வரவில்லை. துளைக்கு எதிர்ப்பக்கம் குனிந்து, தரையில் பதித்திருந்த சின்ன டயலைப் பார்த்தார். பாறை மேலே எழும்பினால் காட்டுவதற்காக வைத்தது அது. அன்று காலையிலிருந்து செங்கோடன் அதைப் பார்த்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. பாறை தூக்குது."

செங்கோடன் அவர் முகத்தைப் பார்த்தார். பொறாமை, என்று நினைத்தார். இவனுக்கும் வந்துவிட்டது. அந்த நினைப்பு இனித்தது.

இன்னும் ஏழு மூட்டை விட்டார்.

பதினைந்து மீட்டர் தள்ளி, ஏற்கெனவே அடைத்து முடித்திருந்த இடத்தில், பாறை இடுக்கிலிருந்து சிமெண்ட் பால் கொப்பளித்து வெளியே வந்தது. வெள்ளையாகச் சரிவில் இறங்கி ஓடியது.

செங்கோடன் பம்பை நிறுத்தினார்.

பிலோமினா வந்தார். ஓடிக்கொண்டிருந்த பாலைக் கையில் தொட்டுப் பார்த்தார். எவ்வளவு அழுத்தினீர்கள் என்று கேட்டார்.

"நாலுங்க டீச்சர்."

பதிவேட்டிலும் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிலோமினா அதை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மலைச்சரிவில் தண்ணீர் பழையபடி கூடியிருந்தது. கலங்கலும் கூடியிருந்தது. கீழ்மடையிலிருந்து ஆறு பேர் ஏறி வந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். ஒரு பெண், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா, இருக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். செங்கோடன் அவர்களைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் அய்யம்பெருமாளைப் பம்பிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

செங்கோடனுக்குக் காரணம் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் இல்லை. அந்தப் பம்ப் சத்தம் இல்லாத முதல் நாள் அது. நிம்மதியாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். இல்லை.

ஐந்தாம் நாள் பிலோமினா அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

தகரக் கொட்டகையில் நீளமான மரப்பெட்டி ஒன்று திறந்திருந்தது. இருபத்தேழாவது துளைக்குப் பக்கத்தில் பாறையைக் குடைந்து, கரும்பு மாதிரி உருளையாக வெட்டியெடுத்த துண்டுகள் அதில் வரிசையாகக் கிடந்தன. பிலோமினா ஒரு துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அதில் இரண்டு சிமெண்ட் கோடுகள் இருந்தன.

ஒன்று மெல்லியது. இருபுறமும் பாறை பழுப்பேறிக் கிடந்தது. எத்தனையோ காலம் தண்ணீர் போய்வந்த பழுப்பு. அந்த விரிசலைச் சிமெண்ட் முழுக்க நிரப்பி, நன்றாக இறுகியிருந்தது.

இன்னொன்று இரண்டு விரல் தடிமன். இருபுறமும் பாறை பளிச்சென்று இருந்தது. பழுப்பே இல்லை. நேற்று உடைத்த கல் மாதிரி.

"இது மலையோட விரிசல்," என்று மெல்லிய கோட்டைத் தொட்டுக் காட்டினார் பிலோமினா. "இது அய்யம்பெருமாள் அடைச்சது. அது நிறைஞ்சிருந்ததாலதான் உங்க துளை குடிக்கலை; குடிக்காததுதான் அடைஞ்சதுக்குச் சாட்சி. இந்த இன்னொரு விரிசல் யாரோடது?"

செங்கோடன் துண்டைப் பெட்டியில் வைத்தார். வைத்த இடம் தப்பு. எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார்.

பிலோமினா பதிவேட்டைத் திறந்து அவர் முன் தள்ளினார். மே பன்னிரண்டாம் தேதிப் பக்கம். அய்யம்பெருமாளின் கோணல் எழுத்து.

பதினான்காம் துளையை நான் நேரத்துக்கு முன்பே மூடிவிட்டேன் என்று நினைக்கிறேன். அதனால்தான் இருபத்தேழில் விட்ட பால் அந்த வழியாக வெளியே வந்திருக்கிறது. தவறு என்னுடையது. என் முதல் சுற்றுத் துளைகள் அனைத்தையும் திரும்பச் சோதிக்க வேண்டுகிறேன்.

செங்கோடன் இரண்டு முறை படித்தார்.

"என்னைக் காப்பாத்தறதுக்காக எழுதினானுங்களா?"

"நானும் அப்படித்தான் நினைச்சேன். கூப்பிட்டுக் கேட்டேன்." பிலோமினா அந்த வரிகளை விரலால் தொட்டார். "அண்ணாச்சி பொய் சொல்ல மாட்டாங்க, நாலுன்னா நாலுதான், அப்போ தப்பு என்கிட்டதான் இருக்கணும்னு சொன்னார். அதை நம்பித்தான் சொன்னார். பதினாலாம் துளையை அன்னைக்கு எத்தனை மணிக்கு மூடினோம்னு மூணு நாளா யோசிச்சுக்கிட்டிருக்கார்."

கொட்டகைக்கு வெளியே யாரோ காலி மூட்டைகளை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதல் சுற்றுத் துளைகள் பதினைந்தையும் திரும்பக் குடைய மேலிடம் உத்தரவு போட்டுவிட்டதாகவும், நாளைக் காலையில் மெஷின் வருவதாகவும் பிலோமினா சொன்னார். பதினைந்தையும் குடைந்து முடிப்பதற்குள் மழை வந்துவிடும். உண்மையில் உடைந்திருக்கும் இடம் அங்கே இல்லை.

செங்கோடன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோணல் எழுத்து. அந்தக் கையெழுத்தை அவர் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறார்.

அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. வந்தது வேறு. அது என்னவென்று தெரிந்ததும் அவருக்கே திக்கென்றது.

"டீச்சர், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாதுங்க."

"சொல்லுங்க."

"இப்படி ஒருத்தனை நம்பறதுக்கு எனக்கு வராதுங்க. இதுவும் அவனுக்குத்தான் வருது. இதைப் படிச்சும் எனக்கு வயிறு எரியுது."

பிலோமினா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். பதிவேட்டில் ஒரு பக்கம் பின்னால் திருப்பினார். மே பதினொன்று, இருபத்தேழாவது துளை.

"எரியட்டும்," என்றார். "எழுதிட்டு எரியட்டும்."

செங்கோடன் பேனாவை வாங்கினார். நாலை அடித்தார். ஏழு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.