கடைசிக் கட்டம்

தண்டுவடக் காயப் பிரிவில் மேல்படிப்புக்குச் சேர்ந்தபோது டாக்டர் சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் இசக்கியம்மாள் அவரைவிடப் பதின்மூன்று வயது சின்னவர். இவர் "மேடம்" என்பார், அவர் "சார்" என்பார், வேலை நடந்துவிடும்.

அந்த மாதம் வார்டில் ஃபாதர் ஞானாதிக்கம் படுத்திருந்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆள் வரத் தாமதமானதும், பொறுமையில்லாமல் தானே ஏணியில் ஏறி விழுந்தவர். அறுபத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று ஊரே கேட்டது. முதுகெலும்பில் அறுவைசிகிச்சை முடிந்து நாலு வாரம். தொப்புளுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, காலும் அசையவில்லை.

ஃபாதரின் நிலைமை பற்றி ஆயர் இல்லத்தில் மருத்துவக் கடிதம் கேட்டிருந்தார்கள். தேற வழி இருந்தால் ஆறு மாதம் இங்கேயே பயிற்சி. இல்லையென்றால் முதிய குருக்கள் இல்லத்தில் ஒரு கட்டில் தயார். அதை எழுத வேண்டியவர் சவரிமுத்து. ஃபாதர் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், இவர் பஸ் பிடித்துப் போய் அவரிடம்தான் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வார்.

சோதனைத் தாளோடு அவர் இசக்கியம்மாளிடம் போனார்.

"முழுக் காயம், தேற வழியில்லன்னு எழுதிரலாமா மேடம்?"

அவர் தாளை வாங்கவில்லை. "தண்டுவடத்துல இருந்து எத்தனை ஜோடி நரம்பு வருது சார்?"

"முப்பத்தொண்ணு."

"எங்கெங்க போகுது?"

முதலாமாண்டுப் பிள்ளைகளைக் கேட்கும் கேள்வி. இருந்தாலும் சவரிமுத்து சொன்னார். கழுத்தில் எட்டு, தோளுக்கும் கைக்கும். மார்பில் பன்னிரண்டு, அதில் பத்தாவது தொப்புள் மட்டத்தில். இடுப்பில் ஐந்து, காலின் முன்பக்கம். இடுப்புக்குக் கீழே திருவெலும்பில் ஐந்து, காலின் பின்பக்கம். வாலெலும்புக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் பின்வேர் சேதி கொண்டுபோகும், முன்வேர் உத்தரவு கொண்டுவரும்.

"திருவெலும்போட அஞ்சும் காலுக்கா போகுது?"

"இல்ல. கடைசி ரெண்டு மலவாயைச் சுத்தி." குரல் தாழ்ந்துவிட்டது.

"அங்க தொட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"'இல்லை'ன்னு போட்டிருக்கேன்."

காலிலேயே ஒன்றும் இல்லாதபோது அதற்கும் கீழே என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்ததாகச் சவரிமுத்து விளக்கினார். அது அரை உண்மை. மீதியும் தானாக வந்தது. "சாமியைப் போய் அங்க எப்படி மேடம்..."

இசக்கியம்மாள் ஒரு காகிதத்தில் சுண்டுவிரல் தண்டிக்கு ஒரு வட்டம் போட்டார். "இதுதான் தண்டுவடம். அந்தக் கடைசி ரெண்டுக்கும் வலியைக் கொண்டுபோற இழை இதுல எங்க ஓடுது?"

"வெளியோரத்துல."

"நடு நசுங்கினா?"

சவரிமுத்து இதைத் தேர்வில் ஒரு பக்கத்துக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவர். "ஓரம் தப்பலாம். தப்பினா முழுக் காயம் இல்ல" என்றார்.

இசக்கியம்மாள் கையுறையும் பஞ்சும் சோதனை ஊசியும் எடுத்துக் கொடுத்தார்.

திரையை இழுத்துவிட்டு, நர்சுகள் இருவர் ஃபாதரைக் கட்டைபோல் ஒரே வாக்கில் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வாயெடுத்த சவரிமுத்து, சொல்ல முடியாமல் நின்றார். ஃபாதர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"சவரி, இருபது வருசமா நீ சொன்னதையெல்லாம் நான் முகம் சுளிக்காம கேட்டேன். பாருப்பா."

சவரிமுத்து குனிந்தார். பஞ்சு வைத்தார். ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை. ஊசிமுனையை வைத்தார்.

"ஏதோ குத்துது" என்றார் ஃபாதர்.

எடுத்துவிட்டு, தொடாமலே இப்போது குத்துகிறதா என்று கேட்டார். இல்லை என்றார் ஃபாதர். மழுங்கிய முனையை வைத்தார். இது குத்தவில்லை என்றார். திரும்ப ஊசி. குத்துது. பத்து தடவை மாற்றி மாற்றி வைத்தும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பிறகு கையுறை விரலை வைத்து இறுக்கச் சொன்னார். இறுக்கம் வரவில்லை.

"இறுக்க முடியலப்பா. ஆனா கூசுது" என்றார் ஃபாதர்.

சவரிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, ஃபாதரின் முகம் அந்தப் பக்கம் இருந்தது.

அப்படியானால் நடப்பேனா என்று ஃபாதர் கேட்டார். இப்போது சொல்ல முடியாது, ஆறு மாதம் உழைத்துப் பார்க்கலாம் என்றார் கூடவே வந்து நின்ற இசக்கியம்மாள். அதற்கே ஃபாதர் சிலுவை போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் சவரிமுத்து கடைசிக் கட்டத்தில் இருந்த 'இல்லை'யை ஒரே கோட்டில் அடித்தார். அதோடு கை நின்றுவிட்டது. மேடம் கேட்டிராவிட்டால் இன்று சாயங்காலம் முழுக் காயம் என்றே அந்தக் கடிதம் போயிருக்கும்.

"என்னன்னு எழுதட்டும் மேடம்?"

"கூச்சம் இருந்துச்சுன்னு எழுதுங்க சார்" என்றார் இசக்கியம்மாள். "யாருக்குன்னும் எழுதிருங்க."